ஜீன் டெஸ்டுக்கு முன்னால் அத்தைக்கு ஒரு போன்

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் புனே ஆபீசில் ஒரு ஹெல்த் கேம்ப் போட்டார்கள். சுகர், கொலஸ்ட்ரால், கண் பரிசோதனை எல்லாம் முடிந்து வெளியே வருகிற இடத்தில் கடைசியாக ஒரு மேசை. ஒரு சின்னக் குழாயில் எச்சில் துப்பினால் போதுமாம். பக்கவாதம் வருமா, வயசான காலத்தில் மறதி வருமா, மூளையில் இருக்கிற சின்ன ரத்தக் குழாய்கள் எத்தனை நாள் தாங்கும் என்று ஜீனைப் பார்த்தே சொல்லிவிடுவார்களாம். ஊழியர்களுக்குப் பாதி விலை. மனைவியையும் சேர்த்தால் இன்னும் தள்ளுபடி. ஆடித் தள்ளுபடிக்குத் துணி எடுக்கிற மாதிரி வரிசையில் நின்றார்கள்.

நானும் பர்ஸை எடுத்துவிட்டேன். அந்தப் பெண் நீட்டிய படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது 60 வயதுக்கு முன் பக்கவாதம் வந்திருக்கிறதா? அப்பாவுக்கு வந்தது தெரியும். சித்தப்பாவுக்கு என்னமோ வந்தது என்று கேள்வி. தாத்தா? நான் பிறப்பதற்கு முன்னாலேயே போய்விட்டார், எதனால் என்று தெரியாது. "தெரியாது" என்று டிக் அடிக்கவும் ஒரு கட்டம் வைத்திருந்தார்கள். சொந்தத் தாத்தா எதனால் செத்தார் என்று தெரியாத 42 வயசு ஆள், காசு கட்டி எச்சில் துப்பி என்னத்தைத் தெரிந்துகொள்ளப் போகிறேன் என்று தோன்றியது. பர்ஸை உள்ளே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற அத்தைக்கு போன் போட்டேன்.

"தாத்தா எப்படி அத்த இறந்தாங்க?"

"அத எதுக்குல இப்ப கேக்க?" என்றாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னாள். தாத்தாவுக்கு அப்போது 53 வயசு. வயலுக்குப் போன இடத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டார். பேய் அடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப் போனார்கள். அதற்குப் பிறகு நாலு வருஷம் திண்ணையில் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். "சோறு போட்டா திம்பாரு, போடலன்னா கேக்க மாட்டாரு. உங்க அப்பன் மாதிரிதான்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைத் தூங்க விடவில்லை.

அப்பாவுக்கு முதல் தடவை வந்தது 1998-ல். அவருக்கு 49 வயசு, நான் பிளஸ் டூ. இடது கை வரவில்லை, ரெண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. டென்ஷன், பி.பி. என்றார்கள். பி.பி. பெரிதாக ஒன்றும் இல்லை. சிகரெட் மட்டும் உண்டு. 2003-ல் இரண்டாவது தடவை. அதற்குப் பிறகு மனுஷர் மாறிவிட்டார். பேச்சு குறைந்தது. பேப்பர் வந்தால் அப்படியே மடித்தபடி மடியில் கிடக்கும். அம்மா "வீம்பு புடிச்ச மனுஷன், வேணும்னே பண்றாரு" என்று திட்டுவாள். நானும் லீவில் போகும்போதெல்லாம் "கொஞ்சம் நடங்கப்பா, முயற்சி பண்ணாம இப்படி உக்காந்திருந்தா எப்படி" என்று அட்வைஸ் மழை பொழிந்துவிட்டு ரயில் ஏறுவேன். 2010-ல் போய்விட்டார்.

அது வீம்பு இல்லை. மூளைக்குள் ஆழமாகப் போகிற மெல்லிய ரத்தக் குழாய்கள் அடைபட்டு, உள்ளே இருக்கிற இணைப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்து போனால், மனுஷனுக்கு முதலில் போவது பல சமயம் ஞாபகசக்தி அல்ல. வேகமும், எதையாவது செய்ய வேண்டும் என்கிற உந்துதலும்தான் போகிறது. எங்களுக்கு அது பதிமூணு வருஷம் தாமதமாகத் தெரிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மூளையின் சிறு ரத்தக் குழாய் நோய் ரொம்பச் சாதாரணமான ஒன்று. அடைப்பினால் வருகிற பக்கவாதங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு இதுதான் காரணம். பெரும்பாலானவர்களுக்கு இது வருவது வயசாலும் ரத்த அழுத்தத்தாலும் சுகராலும் சிகரெட்டாலும்தான். ஆனால் சில குடும்பங்களில் ஒற்றை ஜீனில் இருக்கிற ஒரு பிழையால் வருகிறது. அதில் அதிகம் பேசப்படுவதன் பெயர் கடாசில். (பேரைக் கேட்டால் யாரோ எதையோ கடாசிவிட்ட மாதிரி இருக்கும். ஒரு நீளமான ஆங்கிலப் பெயரின் சுருக்கம்.) 1955-ல் வான் போகார்ட் என்கிற பெல்ஜிய மருத்துவர் இரண்டு சகோதரிகளைப் பற்றி எழுதியதுதான் இதன் முதல் பதிவு என்று சொல்கிறார்கள். 1993-ல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் இது 19-ம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார்கள். 1996-ல் ஜீனையே பிடித்துவிட்டார்கள். அதன் பெயர் நாட்ச்-3.

இந்த ஜீன் செய்கிற புரதம் ரத்தக் குழாய்ச் சுவரின் தசை செல்களில் இருக்கிறது. அதில் 34 கண்ணிகள் சங்கிலி மாதிரி வரிசையாக. ஒவ்வொரு கண்ணியிலும் சிஸ்டீன் என்கிற பொருள் ஆறு. ஆறும் இரண்டிரண்டாகக் கை கோத்து மூன்று ஜோடியாக நிற்கும். கோலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் இருந்தால் மூணு ஜோடி, ஆட்டம் சரியாகப் போகும். ஒருத்தர் வரவில்லை என்றாலும் சரி, ஏழாவதாக ஒருத்தர் வந்து நுழைந்தாலும் சரி, ஒருத்தர் ஜோடி இல்லாமல் நிற்பார். அவர் பக்கத்து வரிசையில் போய்க் கை போடுவார். இங்கேயும் அதே கதைதான். புரதங்கள் தாறுமாறாக ஒட்டிக்கொண்டு குழாய்ச் சுவரில் படிகின்றன. வருஷக்கணக்கில் சுவர் தடித்துக் குழாய் கெட்டுப் போகிறது.

அறிகுறிகளும் ஏறத்தாழ ஒரு வரிசையில் வரும். இருபது முப்பது வயசில், கண்ணில் நெளிநெளியாக வெளிச்சம் தெரிந்து அப்புறம் தலைவலி. நாற்பது ஐம்பதில் சின்னச் சின்னப் பக்கவாதம். பிறகு மனச்சோர்வு, மந்தம், கடைசியில் மறதி. எல்லாருக்கும் எல்லாம் வராது. பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பிழை இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆண், பெண் வித்தியாசம் இல்லை.

அத்தையோடு பேசிய மறு மாதம் ஒரு நரம்பியல் டாக்டரைப் பார்த்தேன். ஜீன் டெஸ்ட் எழுதிக் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் பேனாவை எடுத்துக் கட்டமும் வட்டமுமாக எங்கள் வம்சத்தை வரைந்தார். தாத்தா கட்டத்தைக் கறுப்பாக்கினார். அப்பா கறுப்பு. சித்தப்பாவைப் பற்றி விசாரிக்கச் சொன்னார். விசாரித்தால், சித்தப்பாவுக்கு முப்பது வயசிலிருந்தே "கண்ணில் மின்னல் அடிக்கிற தலைவலி", 52-ல் ஒரு பக்கவாதம். ஒருத்தரும் என்னிடம் சொன்னதில்லை. நான்தான் ஊரில் இல்லையே.

டாக்டர் சொன்னது இதுதான். "முதலில் உங்களுக்கு டெஸ்ட் பண்ணி பிரயோஜனம் இல்லை. நோய் வந்தவருக்குத்தான் முதலில் பண்ண வேண்டும். அவரிடம் பிழை எந்த இடத்தில் என்று தெரிந்தால்தான் மற்றவர்களிடம் அதைத் தேட முடியும். அவரிடம் கிடைக்காமல் உங்களிடம் மட்டும் பார்த்து 'இல்லை' என்று வந்தால், அந்த 'இல்லை'க்கு அர்த்தம் கிடையாது."

சித்தப்பா சம்மதித்தார். எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைத் திட்டுகள், அதுவும் நெற்றிப் பொட்டுக்கு உள்ளே இருக்கிற மூளை நுனியில். சாதாரண பி.பி. திட்டுகள் அந்த இடத்தில் அவ்வளவாக வராதாம். போன வருஷம் ஜீன் ரிசல்ட் வந்தது. நாட்ச்-3.

இனி என் கருத்து. அந்த மேசையில் விற்றதற்கும் சித்தப்பாவுக்குச் செய்ததற்கும் ஒரே பெயர்தான், "ஜீன் டெஸ்ட்". ஆனால் ரெண்டும் வேறு வேறு. இதைப் புரிந்துகொள்ளாமல் நம்மவர்கள் காசைக் கொட்டுகிறார்கள்.

ஒன்று. மேசையில் விற்பது பெரும்பாலும் சின்னச் சின்ன அடையாளங்களின் கூட்டல். 2011-ல் 17-ம் குரோமோசோமில் ஒரு இடத்துக்கும் மூளையின் வெள்ளைத் திட்டுகளுக்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். பிறகு இன்னும் பல இடங்கள் சேர்ந்திருக்கின்றன. ஆராய்ச்சிக்கு இவை பெரிய விஷயம். ஆனால் தனி மனுஷனுக்கு ஒவ்வொன்றும் தருகிற கூடுதல் ஆபத்து கொஞ்சம்தான். அதுவும் இந்தக் கணக்குகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளிக்காரர்களை வைத்துப் போட்டது. நம்மூர் ஆட்களுக்கு அதே எண் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 'ஜீனோம் இந்தியா' திட்டத்தில் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்து 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இந்த மாதிரி வேலை நடக்க நடக்கத்தான் நம் ரிப்போர்ட்டுகளில் "அர்த்தம் நிச்சயமில்லை" என்று வருகிற வரிகள் குறையும்.

இரண்டு. பிழை இருப்பதும் நோய் இருப்பதும் ஒன்றல்ல. கடாசிலை ரொம்ப அபூர்வம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மரபணுத் தொகுப்புகளைப் பார்த்தபோது, இந்த மாதிரி நாட்ச்-3 பிழை சுமார் 300-லிருந்து 450 பேருக்கு ஒருவரிடம் இருந்தது. தைவானில் ஒரு குறிப்பிட்ட பிழை ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம். இவர்களில் பலர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வயசாகி இருக்கிறார்கள். சங்கிலியின் முதல் ஆறு கண்ணிகளில் பிழை இருந்தால் கடுமை அதிகம். ஏழிலிருந்து 34 வரை என்றால் பக்கவாதம் சராசரியாகப் பன்னிரண்டு வருஷம் போலத் தள்ளி வருகிறது. இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்ல ஆள் இல்லாமல், ராத்திரி பதினொரு மணிக்கு மெயிலில் சிவப்பு எழுத்தில் ஒரு ரிசல்ட் வந்தால் என்ன ஆகும்?

மூன்று. குடும்பத்தில் நிஜமாகவே இந்த வரிசை இருந்தால், சரியான டெஸ்ட் ரொம்ப உதவும். "மருந்தே இல்லையே, தெரிந்து என்ன லாபம்" என்று தம்பி முறை ஒருவன் கேட்டான். நோயை நிறுத்துகிற மருந்து இல்லை என்பது உண்மை. ஆனால் இந்த வெள்ளைத் திட்டுகளைப் பார்த்து மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்று நினைத்து வேறு வைத்தியம் பார்க்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சரியான பெயர் தெரிந்தால் அது தவிரும். இந்தப் பிழையோடு சிகரெட்டும் சேர்ந்தால் பக்கவாதம் சீக்கிரம் வருகிறது, பி.பி. சேர்ந்தால் மோசமாகிறது. இந்த ரெண்டும் நம் கையில் இருக்கிறவை. எல்லாவற்றுக்கும் மேலே, திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷனை வீட்டார் திட்டாமல் இருப்பார்கள். எனக்கு இது சின்ன லாபம் இல்லை.

இன்னொரு விஷயம், குறிப்பாக நம்மவர்களுக்கு. கடாசிலுக்குச் சொந்தத்தில் கல்யாணம் பண்ணுவது தேவையில்லை, ஒரு பக்கம் இருந்தாலே வரும். ஆனால் கராசில் என்று இதற்கு ஒரு பங்காளி உண்டு. முதலில் ஜப்பானில் கவனித்தார்கள். 2009-ல் அதன் ஜீனைக் கண்டுபிடித்தார்கள், பெயர் எச்.டி.ஆர்.ஏ.-1. அப்பா பக்கம் ஒன்று, அம்மா பக்கம் ஒன்று என்று ரெண்டு பிரதியிலும் பிழை இருந்தால்தான் கராசில் வரும். இளவயசிலேயே தலை வழுக்கை, கடுமையான இடுப்பு வலி, முப்பதுகளில் பக்கவாதம் என்று இது வேறு தினுசு. 2017-ல் இந்தியக் குடும்பங்களிலும் இது இருப்பதாக மருத்துவ இதழில் எழுதினார்கள். மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டுகிற நம் வழக்கத்தில் இந்த மாதிரி ஒளிந்திருக்கிற பிழைகள் ரெண்டு பக்கமிருந்தும் சந்திக்க வாய்ப்பு அதிகம். வழுக்கை, இடுப்பு வலி என்றதும் பதற வேண்டாம், ஐ.டி.யில் இருக்கிற பாதிப் பேருக்கு ரெண்டும் உண்டு :-) மூன்றும் சேர்ந்து, இளவயசில், ஒரே வீட்டில் ரெண்டு பேருக்கு என்றால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனிதான் கஷ்டமான பகுதி.

சித்தப்பாவின் ரிசல்ட் வந்ததும், அவர் அனுமதியோடு, அதைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் எழுதினேன். யாரும் உடனே டெஸ்டுக்கு ஓட வேண்டாம், சிகரெட்டை விடுங்கள், பி.பி. பாருங்கள், கண்ணில் மின்னலோடு தலைவலி இருந்தால் டாக்டரிடம் இந்தக் குடும்ப விவரத்தைச் சொல்லுங்கள் என்று மட்டும். அத்தை போனில் வெடித்தாள். "பேத்திக்கு மாப்ள பாத்துட்டு இருக்கோம். நீ வடக்க ஒக்காந்துட்டு குடும்பத்துக்கே நோயின்னு தண்டோரா போடுத. உனக்கு என்ன, நீ கல்யாணம் முடிச்சு பிள்ளையும் பெத்துட்ட." சித்தப்பா மகனே குரூப்பை விட்டு வெளியேறிவிட்டான்.

அத்தையின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பெண் வீட்டில் நோய் என்றால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கம்பெனிகளும் ஒன்றும் யோக்கியமில்லை. மருத்துவக் காப்பீட்டில் மரபணு நோய் என்று பொதுவாகச் சொல்லிப் பணம் மறுப்பது பாரபட்சம் என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2018-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதியை அதே வருஷம் உச்சநீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அமெரிக்காவில் 2008-ல் வேலைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஒரு தடைச் சட்டம் போட்டார்கள், ஆயுள் காப்பீடு அதிலும் அடங்காது. அதனால் டெஸ்டுக்கு முன் காப்பீட்டைப் பற்றியும் யோசியுங்கள். படிவத்தில் பொய் எழுதச் சொல்லவில்லை, எதை எப்போது செய்வது என்று விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள் என்கிறேன்.

தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஒருவரது உரிமை. ஹண்டிங்டன் என்று இதே மாதிரி பாதிக்குப் பாதி வருகிற நோய் ஒன்று உண்டு. அதன் மரபணு அடையாளத்தை 1983-லும் ஜீனையே 1993-லும் கண்டுபிடித்த முயற்சியில் முன்னால் நின்றவர் நான்சி வெக்ஸ்லர். அவருடைய அம்மாவுக்கே அந்த நோய். அவர் டெஸ்ட் செய்துகொண்டாரா என்பதைப் பல வருஷம் வெளியே சொல்லவே இல்லை. 2020-ல்தான் தனக்கும் நோய் இருக்கிறது என்று சொன்னார். டெஸ்டுக்கு வழி செய்தவருக்கே அந்த உரிமை வேண்டியிருந்தது. பெரியவர்களானபின் வருகிற நோய்க்குச் சின்னப் பிள்ளைகளை டெஸ்ட் செய்யக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்வதும் இதனால்தான். அவர்கள் 18 வயசுக்கு மேல் தாங்களே முடிவு செய்யட்டும்.

ஆனால் நான் தெரிந்துகொள்ளாமல் இருப்பது வேறு, அடுத்தவனைத் தெரியவிடாமல் செய்வது வேறு. தாத்தாவைப் பேய் அடித்தது என்று மூடி வைத்ததில் யாருக்கு என்ன நன்மை வந்தது? அப்பா கடைசிவரை சிகரெட் பிடித்தார். அதை விட்டிருந்தால் எத்தனை வருஷம் கூடியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் விடுவதற்கு ஒரு காரணமாவது அவருக்குக் கிடைத்திருக்கும்.

சண்டை ஒரு வாரம் ஓடியது. அப்புறம் சித்தப்பா குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். இப்போது அவர் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித்தான் பேசுவார். "எனக்கு வந்தது வந்துட்டு. சின்னப் பயலுவ பீடி சிகரெட்ட விடட்டும். ஒளிக்கதுக்கு என்ன இருக்கு, நான் களவா பண்ணேன்." அதற்கு மேல் யாரும் ஒன்றும் எழுதவில்லை. இங்கே எழுதவும் அவரிடம் கேட்டுவிட்டேன். ஊர் பேர், ஆள் பேர் போடவில்லை.

ஹைதராபாத்தில் இருக்கிற தங்கச்சி மரபணு ஆலோசகரை ரெண்டு தடவை பார்த்துவிட்டு டெஸ்ட் செய்துகொண்டாள். ரிசல்ட் என்ன என்பது அவள் விஷயம். நான் இன்னும் செய்யவில்லை. செய்வேனா என்றும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் தினமும் நடக்கிறேன், பி.பி. மாத்திரை போடுகிறேன். மேல் அளவை 140-க்குப் பதில் 120-க்குக் கீழே வைத்தவர்களுக்கு வெள்ளைத் திட்டுகள் மெதுவாக வளர்ந்தன என்று 2019-ல் ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. அது சாதாரண பி.பி.காரர்களை வைத்துச் செய்ததுதான். உங்களுக்கு எவ்வளவு சரி என்று உங்கள் டாக்டர் சொல்வார். இந்த மருந்துக்கு எந்த ஜீன் டெஸ்டும் வேண்டாம். மகளுக்குப் பதினாலு வயசு. பதினெட்டில் எல்லாவற்றையும் சொல்வேன், பிறகு அவள் இஷ்டம்.

நாம் எல்லாரும் ஊரைவிட்டு வந்து பத்து இருபது வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் ரெண்டு நாள் லீவில் போய் வருகிறோம். சொத்து விவரம் கேட்கிறோம், பட்டா நம்பர்கூடத் தெரிந்து வைத்திருக்கிறோம். யார் எந்த வயசில் எதனால் போனார்கள் என்று கேட்பதில்லை. அதைத் தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் போனால் அந்த விவரமும் போய்விடும், அதற்கு அப்புறம் எந்த லேபிலும் அது கிடைக்காது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பேப்பர் எடுங்கள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். மூணு தலைமுறை. பெயர், வயசு, என்ன நோய், எந்த வயசில் வந்தது. ஊரில் இருக்கிற அத்தைக்கோ சித்திக்கோ போன் போடுங்கள். முதலில் திட்டு விழும். அப்புறம் சொல்வார்கள்.

எங்கள் அத்தை போன வாரம் அவளாகவே கூப்பிட்டாள். "உங்க தாத்தாவோட தங்கச்சி ஒருத்தி இருந்தா, கோட்டி புடிச்சிட்டுன்னு சொல்லுவாங்க. அதையும் எழுதிக்கிடு" என்றாள்.

எழுதிக்கொண்டேன்.